தினமும் மலை ஏறி இறங்கும் காருக்கு எந்த பிரேக் பேடு?

கோட்டைவாசல் தாண்டி புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவில் ஒரு மாலை, என் கார் முதல் மிதிக்கு நிற்கவில்லை. பெடல் கல் மாதிரி கெட்டியாகத்தான் இருந்தது. வண்டி மட்டும் நழுவிக்கொண்டே போனது. உள்ளே அம்மா, மனைவி, பையன். டிக்கி நிறைய புனலூரில் வாங்கிய சாமான்கள். முன்னால் ஒரு காலி லாரி. இரண்டு காலையும் சேர்த்து மிதிக்காத குறையாக மிதித்து, மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, லாரியின் பின் பலகைக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றோம். கண்ணாடியை இறக்கியதும் கருகின வாடை மூக்கில் ஏறியது.

அந்த பேடு, அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டி, போட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. கடையில் நான் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு?" கடைக்காரர் இருப்பதிலேயே மலிவானதை எடுத்துக் கொடுத்தார், நானும் வாங்கி மாட்டச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை செங்கோட்டையில் நான் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் அண்ணாச்சி வீலைக் கழற்றி, பேடை என் கையில் வைத்தார். உராயும் முகம் கண்ணாடி போல மின்னியது. ஓரத்தை நகத்தால் நெம்பினேன், ஊறின பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. "தம்பி, இது தென்காசி மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வார வண்டிக்கே காணாது. நீங்க மலையில ஓட்டுறீங்க" என்றார்.

அன்றிலிருந்து பேடு விஷயத்தில் கேட்டும் படித்தும் கழற்றிப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வாரத்தில் நாலு நாள் கேரள எல்லை தாண்டும் செங்கோட்டை – புனலூர் மலை ரோட்டில் ஓட்டுகிற எனக்கு இது உயிர் விஷயம். போடி மெட்டு, குமுளி, வாளையார், கூடலூர் என்று எந்த எல்லைப் பக்கம் இருந்து நீங்கள் ஓட்டினாலும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

இறக்கத்தில் பிரேக்குக்கு என்ன நடக்கிறது

பேடைத் தேர்ந்தெடுக்கும் முன் சூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பிரேக் செய்வது ஒரே வேலை: வண்டியின் ஓட்டத்தை உராய்வால் சூடாக மாற்றி, அந்தச் சூட்டைக் காற்றில் விடுவது.

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ உள்ள ஒரு சின்ன காரை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு முறை நின்றால் சுமார் 167 கிலோஜூல் சூடு பிறக்கும். அதே கார் 200 மீட்டர் உயரம் இறங்கும்போது சுமார் 2,350 கிலோஜூலை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். 60 வேகத்தில் வந்து 14 முறை நிற்பதற்கு இது சமம். எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி வரச் செய்யப் போதுமான சூடு. அதில் ஒரு பங்கை என்ஜினும் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க டிஸ்க்கிலும் பேடிலும்தான் ஏறும். ஊருக்குள் ஒரு சிக்னலில் நின்று அடுத்த சிக்னலுக்குப் போவதற்குள் டிஸ்க் ஆறிவிடும். மலையில் அடுத்தடுத்த வளைவு அந்த இடைவெளியைத் தருவதில்லை.

சூடு எல்லை மீறினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துவைப்பது அவசியம்.

முதலாவது, எனக்கு நடந்தது. பேடில் எல்லாத் துகளையும் ஒட்டிப் பிடித்திருப்பது ஒருவகைப் பிசின். அது அளவுக்கு மீறிச் சூடானால் சிதைந்து வாயுவாகும். டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே பிடிமானம் குறைந்துவிடும். பெடல் கெட்டியாக இருக்கும், வண்டி நிற்காது. இது பேடின் தரத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிப்பது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். அதனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரை வரை போய்விடும். எவ்வளவு உயர்ந்த பேடு போட்டிருந்தாலும் இந்த இடத்தில் அது உதவாது.

வண்டி எங்கே ஓடுகிறது என்று முதலில் எழுதுங்கள்

ஒரு துண்டுத் தாளில் நாலு விஷயம் குறியுங்கள். வாரத்தில் எத்தனை முறை மலை இறங்குகிறீர்கள், வழக்கமாக எத்தனை பேர் ஏறுகிறார்கள், வண்டி இரவில் கூரைக்குக் கீழே நிற்கிறதா வெட்டவெளியிலா, கியர் வண்டியா ஆட்டோமேட்டிக்கா.

செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் நடுவே மட்டும் ஓடும் காருக்கும், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்த் திரும்பும் காருக்கும் மாடல் ஒன்றாக இருக்கலாம், பேடின் பாடு வேறு. கார்த்திகை மாதத்தில் ஐயப்பன் சீசனுக்கு ஏழு பேரை ஏற்றிப் போகும் பெரிய வண்டி என்றால் இன்னும் வேறு. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் இந்தப் பக்கம் டிஸ்க் காய்வதே அபூர்வம். இதையெல்லாம் கடைக்காரர் கேட்க மாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா

கிலோமீட்டர் கணக்கு சொல்லி மாற்றச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒருவருக்கு 50,000 வரை வரும் பேடு இன்னொருவருக்கு 20,000-இல் தீரலாம். அளந்து பார்ப்பதுதான் வழி.

பெரும்பாலான சின்ன கார்களில் புதுப் பேடின் உராயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பலர் தகட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு "இன்னும் நிறைய இருக்கு" என்று ஏமாறுகிறார்கள். உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மலையில் ஓட்டும் நான் 4-லேயே மாற்றுகிறேன். பேடு மெலிய மெலிய, டிஸ்க்கின் சூடு தகடு வழியாக, பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கும் அங்கிருந்து ஆயிலுக்கும் சீக்கிரம் போய்ச் சேரும் என்பதுதான் காரணம்.

அலாய் வீல் என்றால் கம்பிகளுக்கு நடுவே மொபைல் டார்ச் அடித்து வெளிப் பேடைப் பார்த்துவிடலாம். ஆனால் உள் பேடு தெரியாது, பல வண்டிகளில் முதலில் தேய்வதே உள் பேடுதான். அதனால் டயர் மாற்றிப் போடும்போதும் பஞ்சர் ஒட்டும்போதும் வீல் கழன்றிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தை விடாதீர்கள். குனிந்து உள்ளே பாருங்கள்.

பெரும்பாலான பேடுகளில் ஒரு சிறு இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி, கிறீச்சென்று விடாமல் சத்தம் போடும். கண்ணாடியை ஏற்றி ஏ.சி.யும் பாட்டும் போட்டு ஓட்டுபவர் காதில் அது விழாது. வாரம் ஒரு நாளாவது கண்ணாடியை இறக்கி, ஒரு சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டிக் காது கொடுங்கள். மழை இரவுக்குப் பிறகு காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் வரும் கரகரப்பு மட்டும் கவலைக்குரியதல்ல. டிஸ்க்கில் ஒரே இரவில் படிந்த துரு உரிகிறது, அவ்வளவுதான். அதற்கு மேலும் சத்தம் தொடர்ந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

பிரேக் ஆயில் அளவு மெல்லக் குறைவதும் ஒரு அறிகுறி. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். காரணம் பார்க்காமல் மேலே ஊற்றி நிரப்பிவிட்டால் அறிகுறி மறைந்துபோகும்.

பேடு வகைகளும் என் தேர்வும்

கடையில் நாலு வகைப் பெயர் சொல்வார்கள்: ஆர்கானிக், செமி மெட்டாலிக், லோ மெட்டாலிக், செராமிக்.

ஆர்கானிக் என்பது நார், ரப்பர், கார்பன் போன்றவற்றைப் பிசினில் சேர்த்து அழுத்தியது. மென்மையானது, சத்தமில்லாதது, டிஸ்க்கை அதிகம் தின்னாது, விலையும் குறைவு. சமதளத்தில் மெதுவாக ஓடும் வண்டிக்கு நல்ல ரகம் போதும். சூட்டைத் தாங்குவதில் பின்தங்கும்.

செமி மெட்டாலிக் பேடில் எடையில் ஏறத்தாழ 30 முதல் 65 சதவீதம் உலோகம் இருக்கும்: இரும்புத் தூள், எஃகு நார், செம்பு போன்றவை. சூட்டை நன்றாகக் கடத்தும், தொடர் இறக்கத்திலும் பிடி விடாது. பதிலுக்கு டிஸ்க்கைச் சற்று வேகமாகத் தேய்க்கும், வீலில் கருப்புத் தூள் படியும், காலைக் குளிரில் கொஞ்சம் முனகும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஆர்கானிக் கலவையில் கொஞ்சம் உலோகம் சேர்த்தது லோ மெட்டாலிக். குளிரிலும் பிடிக்கும், சூட்டையும் ஓரளவு தாங்கும்.

செராமிக் பற்றித்தான் இன்று நிறையப் பேச்சு. பீங்கான் நாரும் நுண்ணிய உலோகமும் கலந்தது. தூள் குறைவு, சத்தம் குறைவு, ஆயுளும் அதிகம். வீல் வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது இதமாக இருக்கும். ஆனால் சூட்டை அது தன் வழியாகக் கடத்துவது குறைவு, அந்தச் சூடு டிஸ்க்கிலேயே தங்கும். குளிர்ந்த நிலையில் முதல் கடியும் (மிதித்ததும் கிடைக்கும் பிடி) சற்று மென்மையாகத் தெரியலாம். செராமிக் என்ற சொல்லுக்கு எல்லாக் கம்பெனியிலும் ஒரே பொருள் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சில மலிவுப் பெட்டிகளில் அச்சு மட்டும்தான் செராமிக்.

ரேஸ் பேடு வேண்டவே வேண்டாம். அது சூடேறிய பிறகே பிடிக்கும். காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலிலிருந்து பின்னால் எடுக்கும்போது உங்களுக்குத் தேவைப்படும் பிடி அதில் இருக்காது.

என் தேர்வு இது. மலை ஏறி இறங்கும் சின்ன காருக்கு, கார் கம்பெனி முதலில் என்ன வகை போட்டுத் தந்ததோ அதே வகை, அதே தரம். அந்த வண்டியின் எடை, டிஸ்க் அளவு, ஏ.பி.எஸ்., பின் சக்கர பிரேக் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்துத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். வாரத்தில் பல நாள் சுமையோடு இறங்குபவர், கம்பெனி பேடு சூட்டில் தளர்வதை உணர்ந்தால், பெயர் பெற்ற தயாரிப்பாளரின் லோ மெட்டாலிக்கோ செமி மெட்டாலிக்கோ அதே மாடலுக்கென்று தருகிறார்களா என்று பார்த்து மாறலாம். ஊருக்குள் மட்டும் ஓடுபவர் செராமிக்கை ஆசைக்கு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், குற்றமில்லை.

பேடின் முதுகையும் விளிம்பையும் வாசிக்க

பெட்டியைத் திறந்து பேடைக் கையில் எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. விளிம்பிலோ பின்தகட்டிலோ எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி அச்சடித்திருக்கும். அதன் கடைசியில் பல பேடுகளில் இரண்டு ஆங்கில எழுத்து வரும்: இ இ, எஃப் இ, எஃப் எஃப், ஜி ஜி என்பதைப் போல. அதுதான் உராய்வுக் குறியீடு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடி எவ்வளவு என்று சொல்கிறது; ஏறத்தாழ 93 முதல் 204 டிகிரி செல்சியஸ் வரை சோதித்தது. இரண்டாவது எழுத்து கடும் சூட்டில் பிடி எவ்வளவு என்பது. 343 டிகிரி வரை ஏற்றிச் சோதிப்பார்கள்.

இ என்றால் உராய்வுக் குணகம் (பிடியைக் காட்டும் எண்) 0.25-க்கு மேல் 0.35 வரை. எஃப் என்றால் 0.35-க்கு மேல் 0.45 வரை. ஜி என்றால் 0.45-க்கு மேல் 0.55 வரை. மலைக்காரர் கூர்ந்து பார்க்க வேண்டியது இரண்டாவது எழுத்தை. எஃப் எஃப் என்றால் சூடேறினாலும் பிடி அதே வரம்புக்குள் நிற்கிறது. எஃப் இ என்றால் சூட்டில் ஒரு படி இறங்குகிறது. அண்ணாச்சி கழற்றித் தந்த அந்த மலிவு பேடின் விளிம்பில் எந்த எழுத்துமே இல்லை.

இந்த எழுத்தை மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டு, ஜி ஜி கிடைத்தால் எஃப் எஃப்பைவிட உயர்ந்தது என்று ஓடக் கூடாது. எழுத்து ஆயுளைச் சொல்லாது, சத்தத்தைச் சொல்லாது. முன் சக்கரத்தில் மட்டும் பிடி திடீரென்று கூடினால் முன்பின் சமநிலையும் மாறும். கம்பெனி பேடில் என்ன எழுத்து இருந்ததோ அதற்குக் குறையாமல், அதிகம் விலகாமல் இருந்தால் போதும்.

வட்டத்துக்குள் இ என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு நாட்டு எண்ணும், கூடவே 90 ஆர் என்றும் இருந்தால் ஐரோப்பிய விதி 90-இன்படி சோதனை தேறிய மாற்று பேடு. வண்டியோடு வந்த பேடின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது அந்த விதியின் சாரம். நம் நாட்டில் பிரேக் லைனிங்குக்கான (உராயும் பகுதிக்கான) தரம் ஐ.எஸ். 2742. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று தெளிவாகப் போட்டிருப்பதையே எடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன்.

எழுத்தைத் தாண்டிக் கண்ணாலும் பாருங்கள். உராயும் கட்டி பின்தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்க வேண்டும், விளிம்பில் மயிரிழைப் பிளவுகூட இருக்கக் கூடாது. தகட்டின் முதுகில் துளைகள் இருந்து அதற்குள் கலவை இறங்கியிருந்தால் நல்லது. பசை விட்டாலும் கட்டி தனியாகக் கழன்றுவிடாது. தகட்டில் பெயிண்ட் சீராக இருக்கிறதா என்றும் பாருங்கள். சாரல் ஊரில் இது சின்ன விஷயமில்லை. பெயிண்ட் இல்லாத இடத்தில் துரு பிடித்து ஊதி, கலவையைத் தகட்டிலிருந்து நெம்பித் தள்ளிவிடும். பாதி தேயாத பேடு இரண்டாகப் பிரிந்து வந்ததை ஒர்க்‌ஷாப்பில் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

கடையில்

மாடல் பெயர் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் ஒரே வருடம் வந்த வண்டியில்கூட பெட்ரோலுக்கு ஒரு பேடும் டீசலுக்கு ஒரு பேடும் இருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் 17 எழுத்து சேசிஸ் நம்பரைச் சொல்லி, கார் கம்பெனியின் பார்ட்ஸ் கவுண்டரில் சரியான பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அந்த நம்பர் கையில் இருந்தால் மற்றக் கம்பெனி பெட்டியில் அதற்கு இணையான நம்பரைப் பொருத்திப் பார்க்கலாம். பழைய பேடையும் கையோடு எடுத்துப் போய் தகட்டின் வடிவம், காது, துளை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று மேலே வைத்துப் பாருங்கள்.

பிரேக் சாமானில் நம் மாநிலத்துக்குக் குறையே இல்லை. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் இருக்கின்றன; ரானே கம்பெனியும் சென்னைதான். வெளிநாட்டுப் பெயர் வேண்டுமென்றால் பாஷ், பிரெம்போ. நல்ல பெயருக்கெல்லாம் போலியும் உண்டு. பில் தராத கடை, பெட்டியில் அச்சு மங்கலாக இருப்பது, ஹோலோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மினுக்குத் தாள், பெட்டி நம்பரும் பேடு முதுகில் உள்ள நம்பரும் ஒத்துப்போகாதது, மற்ற எல்லாக் கடையையும்விடப் பாதி விலை: இதில் ஒன்று இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். சின்ன காருக்கு முன் சக்கர பேடு செட்டும் மாற்றும் கூலியும் சேர்ந்தே பெரும்பாலும் ஒரு டேங்க் பெட்ரோல் செலவுக்குள் முடிந்துவிடும். அதில் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் எஸ் வளைவில் அந்த நிலைமைக்கு வந்தேன்.

பேடோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

அண்ணாச்சி அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பேட மாத்துறது பெரிய காரியமில்ல தம்பி. பின்னு ஓடுதான்னு பாக்கணும்."

பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர், பின் எனப்படும் இரண்டு இரும்புக் கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். மழையும் சேறும் புகுந்து பின் இறுகிவிட்டால் உள் பேடு மட்டும் அழுந்தும், வெளிப் பேடு சும்மா இருக்கும். ஒன்று 2 மில்லிமீட்டர், மற்றது 6 மில்லிமீட்டர் என்று தேய்ந்திருந்தால் குற்றவாளி பின்தான். என் வண்டியில் கீழ்ப்பின்னைச் சுழற்றி இழுத்தபோது துருவோடு கரகரவென்று வந்தது. சுத்தமாகத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவி, ரப்பர் உறையை மாற்றினார். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும், சூட்டில் உருகிப் பேடிலும் வழியும்.

டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சக் கனம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். கனம் அளக்கும் வெர்னியர் கருவியால் அளந்து, அதை நெருங்கியிருந்தால் புது டிஸ்க் போட வேண்டும். மெலிந்த டிஸ்க் சூட்டை வாங்கிவைக்க முடியாது. பெடல் மிதிக்கும்போது அதிர்ந்தாலோ, விரலை ஓட்டினால் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலோ லேத்தில் கடையலாம். கடைந்த பிறகும் கனம் மிச்சம் இருந்தால் மட்டும். பேடு மாற்றும்போதெல்லாம் டிஸ்க்கைக் கடைந்தே ஆக வேண்டும் என்று சொல்பவர் பேச்சை நான் கேட்பதில்லை. முகம் சமமாக இருந்தால் எதற்கு வீணாக மெலிய வைக்க வேண்டும்?

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் என்பது ஆயிலின் தரக் குறியீடு. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. நம் பக்கத்துக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழு ஆயிலையும் மாற்றிவிடுகிறேன். ஆயில் டப்பா மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள். டாட் 3 சொன்ன வண்டியில் டாட் 4 போடுவதைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்கின்றன. டாட் 5 என்பது சிலிக்கான் வகை, அதைக் கலக்கவே கூடாது.

பின் சக்கரத்தில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் (உருளை வகை பிரேக்) இருந்தால் அதன் லைனிங்கையும் திறந்து பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள்

நீங்களே செய்ய வேண்டாம். பழகிய கை செய்யட்டும், ஆனால் நீங்கள் டீக்கடைக்குப் போய்விடாதீர்கள்.

இடது, வலது இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். கழற்றிய கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஆயில் போகும் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியும். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் ஆயில் டப்பாவைத் திறந்து அளவு பார்க்க வேண்டும், நிறைந்து வழிந்தால் பெயிண்டை அரித்துவிடும். பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டி என்றால் பல மாடல்களில் பின் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பட்டனில் இயங்கும் ஹேண்ட் பிரேக் என்றால் ஸ்கேனர் வைத்து முதலில் விடுவிக்க வேண்டும். அங்கே பலவந்தம் செய்தால் செலவு பல மடங்கு.

தூளை ஏர் அடித்து ஊதவிடாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடைக்கட்டும். புது பேடோடு வந்த கிளிப், பேடின் முதுகில் வைக்கும் மெல்லிய தகடு எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். "பழசே நல்லாருக்கு" என்று விட்டால் சத்தம் வரும். இரும்பு நாக்கு உள்ள பேடு கம்பெனி சொன்ன பக்கத்தில்தான் போக வேண்டும். உராயும் முகத்தில் கிரீஸ் விரல் படவே கூடாது. கடைசியில் போல்ட்டையும் வீல் நட்டையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

வண்டியை எடுக்கும் முன் நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதி வெறுமையாகத் தரை வரை போகும். இது தெரியாமல் கியர் போட்டு எடுத்து, ஒர்க்‌ஷாப் சுவரிலேயே முட்டியவர்கள் உண்டு.

முதல் 300 கிலோமீட்டர்

புது பேடும் டிஸ்க்கும் பழக வேண்டும். பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முகத்தில் சீராகப் படிந்தால்தான் முழுப் பிடி வரும். பேடு பெட்டியில் கம்பெனி முறை எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால், ஆள் நடமாட்டமில்லாத நேரான ரோட்டில், அதிகாலையில், 50 வேகத்திலிருந்து 15-க்கு மிதமான அழுத்தத்தில் குறையுங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு மறுபடி. இப்படிப் பத்து முறை. அப்புறம் பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆற்றுங்கள். முதல் 300 கிலோமீட்டருக்கு, அவசரம் வந்தாலொழிய, பலமாக மிதிக்க வேண்டாம். புது பேடு போட்ட அன்றே குடும்பத்தோடு மலை ஏறும் திட்டமும் வேண்டாம்.

இறங்கும் விதம்

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டு, சில இடத்தில் மூன்று. என்ஜினே வண்டியைப் பிடிக்கும், பிரேக் வளைவுக்கு முன் மட்டும் வேலை செய்யும். லேசாக மிதித்தபடியே இறங்குவது தப்பு. டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. வேகம் கூடியதும் ஒரு முறை உறுதியாக மிதித்துக் குறைத்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் எல் (தாழ்ந்த கியர்) அல்லது எம் (கையால் கியர் மாற்றுவது) நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குபவர்களை இந்த ரோட்டில் தினமும் பார்க்கிறேன். அவர்கள் பின்னால் போக எனக்குப் பயம்.

மழையில் ஈர டிஸ்க்கில் முதல் கடி ஒரு கணம் தாமதமாக வரும். தேங்கிய தண்ணீரைக் கடந்ததும், பின்னால் வண்டி இல்லையென்று பார்த்து, இரண்டு முறை மெல்ல மிதித்து உலர்த்திக்கொள்ளுங்கள்.

வாடை வந்தாலோ பெடல் மாறினாலோ ஓரம் கட்டுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும் அல்லது விரிசல் விடும். பெடலை அழுத்தியபடியே நிற்கவும் கூடாது. பேடு படிந்த இடம் தழும்பாகி அப்புறம் அதிரும். கியரில் போட்டு, டயருக்குக் கீழே ஒரு கல் கொடுத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். கெட்டிப் பெடலாக இருந்து ஆறியதும் பிடி திரும்பினால் மெதுவாக இறங்கி நேரே ஒர்க்‌ஷாப் போகலாம். பஞ்சுப் பெடல் என்றால், ஆறிச் சரியானதுபோலத் தெரிந்தாலும், இழுத்துப் போகும் வண்டியைக் கூப்பிடுவதே நல்லது.

என் காரின் டாஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு கிடக்கிறது. வீல் கழலும் ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி வெர்னியரில் அளந்து சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். புது பேடு போட்டு 11,000 கிலோமீட்டரில் இப்போது இருப்பது: இடது உள் 7.5, வெளி 7.5, வலது உள் 7, வெளி 7.5. வலது கீழ்ப்பின்னை அடுத்த சாரலுக்கு முன் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.